கண்ணாடியில் இருப்பது பிறவிக் குறையா, பிறகு பட்ட அடியா?

பழைய கண்ணாடிப் பாத்திரங்களைச் சேகரிக்கத் தொடங்குபவர்களை முதலில் தடுமாற வைப்பது இந்தக் கேள்விதான். நான் சேகரிப்பது அமெரிக்காவின் 'டிப்ரெஷன் கிளாஸ்'. ஏறத்தாழ 1929 முதல் 1939 வரை, பொருளாதார மந்தக் காலத்தில், ஒஹாயோ, பென்சில்வேனியா, இண்டியானா பக்கத்துத் தொழிற்சாலைகள் இயந்திரத்தில் அச்சு வார்த்துக் குவித்த மலிவுப் பாத்திரங்கள் இவை. க்வேக்கர் ஓட்ஸ் பெட்டிக்குள் இலவசமாகவும் வைத்துக் கொடுத்தார்கள். அவ்வளவு வேகமாகவும் மலிவாகவும் செய்த பொருளில் குறை இருப்பது இயல்பு. அதைச் சேதம் என்று எண்ணி நல்ல தட்டை ஒதுக்கிவிடாதீர்கள். "அது தயாரிப்பிலேயே வந்தது" என்று விற்பவர் சொன்னால், சோதிக்காமல் நம்பவும் வேண்டாம்.

ஒன்றை நினைவில் வையுங்கள். கண்ணாடி இளகிய நிலையில் நேர்ந்த குறை பெரும்பாலும் மழுங்கியிருக்கும். ஆறி இறுகிய பிறகு பட்ட அடி கூராக இருக்கும்.

1. கழுவுங்கள். வெதுவெதுப்பான நீரும் மென்மையான சோப்பும் போதும். கொதிநீர் பட்டால் பழைய கண்ணாடி தெறித்துவிடலாம்.

2. விளிம்பைப் பஞ்சால் தடவுங்கள். விரலால் தடவினால் வெட்டும். பஞ்சின் இழை சிக்கும் இடத்தை 10 மடங்கு லென்ஸில் பாருங்கள். சில்லு பெயர்ந்த இடம் பளபளக்கும். சிப்பியின் உட்புறம்போல வளைந்த அலைகள் தெரியும். அச்சில் கண்ணாடிக் குழம்பு போதாமல் நிரம்பாத பள்ளமாக இருந்தால் ஓரங்கள் உருண்டிருக்கும். அச்சு இணைப்புக் கோட்டிலும் இழை சிக்கும். ஆனால் அந்தக் கோடு பாத்திரத்தைச் சுற்றிச் சம இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும்.

3. கோடு தெரிந்தால் டார்ச்சை எடுங்கள். அதிகம் ஏமாறுவது இங்கேதான். என்னிடம் 'செர்ரி ப்ளாசம்' வடிவ இளஞ்சிவப்புத் தட்டு ஒன்று இருக்கிறது. அதன் நடுவே இரண்டு சென்டிமீட்டர் நீளத்தில், தலைமுடி ஒட்டியதுபோல ஒரு வளைந்த கோடு. விரிசல் என்றே நினைத்தேன். அறையை இருட்டாக்கி, டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துத் தட்டை மெல்லச் சுழற்றினேன். எந்தக் கோணத்திலும் கோடு ஒரேமாதிரி மங்கலாகவே இருந்தது. அது 'ஸ்ட்ரா மார்க்'. உலையிலிருந்து இறங்கும் குழம்பைக் கட்டி கட்டியாகக் கத்தரி வெட்டும்போது, வெட்டுப்பட்ட இடம் சற்றே குளிர்ந்துவிடும். அந்தத் தழும்பு அச்சில் அழுத்திய பிறகும் மறைவதில்லை. பெயரில் வைக்கோல் இருந்தாலும் வைக்கோலுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

உண்மையான விரிசல் அப்படி இருக்காது. கண்ணாடிக்குள் பிளந்த பரப்பு என்பதால் ஒரு கோணத்தில் வெள்ளியாக மின்னும், இன்னொரு கோணத்தில் காணாமல் போகும். நகத்தால் மட்டும் சோதித்து முடிவெடுக்காதீர்கள். நுண்விரிசலில் நகம் மாட்டாது.

சரியாக ஆறவைக்காததால் தொழிற்சாலையிலேயே விரிசல் விடுவதும் உண்டு. பிறவிக் குறைதான், ஆனாலும் அது வளரக்கூடியது. நான் வாங்க மாட்டேன்.

4. குமிழிகளைப் பார்த்துப் பயப்படாதீர்கள். கண்ணாடிக்குள் அடைபட்ட குமிழி, முழு வட்டமாகவோ நீள்வட்டமாகவோ இருக்கும், அதனால் கேடில்லை. மேற்பரப்பில் வெடித்துத் திறந்த குமிழியின் ஓரம் மட்டும், பிறவிக் குறையானாலும், கூராக இருக்கலாம். ஒரு புள்ளியிலிருந்து அரைநிலா வடிவிலோ நட்சத்திரமாகவோ பிளவு பரவி மின்னினால் அது அடிபட்ட இடம்.

5. மங்கலைச் சோதியுங்கள். ஈரமாக இருக்கும்போது மறைந்து, உலர்ந்ததும் திரும்பும் வெண்மங்கல், கண்ணாடியின் மேற்பரப்பே அரிக்கப்பட்டதற்கு அடையாளம். கழுவினால் போகாது.

6. பழுதுபார்த்த விளிம்பைத் தேடுங்கள். சில்லுப் பெயர்வை மறைக்க விளிம்பைச் சாணை பிடிப்பார்கள். அந்த இடம் உருளாமல் தட்டையாகவும், சற்று ஒளி குன்றியும் இருக்கும். அதே வடிவத்தின் இன்னொரு கோப்பை கிடைத்தால் பக்கத்தில் வைத்து உயரத்தை ஒப்பிடுங்கள். சாணை பிடித்தது குள்ளமாக நிற்கும்.

இணையத்தில் வாங்குவதாக இருந்தால், டார்ச் ஒளியைப் பக்கவாட்டில் பிடித்து எடுத்த படங்களை, ஒரே கோட்டை இரண்டு மூன்று கோணங்களில், பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டு வாங்குங்கள்.