நெடுந்தூரச் சவாரியில் குதிரையின் இதயத்துடிப்பை எண்ணுவது எப்படி?

நெடுந்தூரக் குதிரைச் சவாரிப் போட்டிகளில் ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் கால்நடை மருத்துவர் குதிரையைச் சோதித்து, தகுதி இல்லையெனில் அங்கேயே நிறுத்திவிடுவார். கொடைக்கானலிலிருந்து பூம்பாறை வழியாக மன்னவனூருக்கு நாமாகப் போகும் சவாரியில் அப்படி நிறுத்த ஆளில்லை. அந்தப் பொறுப்பும் சவாரி செய்பவருடையதே. சேணம் பூட்டவும் லாடத்தைச் சரிபார்க்கவும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில், குதிரை லாயத்தில் அமைதியாக நிற்கும் காலை நேரத்தில், அதன் ஓய்வுத் துடிப்பைச் சில நாட்கள் எண்ணிக் குறித்து வையுங்கள். வளர்ந்த குதிரைக்கு இது நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கும். சமவெளியிலிருந்து புதிதாக ஏற்றிவந்த குதிரை என்றால், மலை உயரத்துக்கு அது பழகும்வரை நெடுந்தூரம் கொண்டுபோகாதீர்கள்.

அடுத்தது ஸ்டெதாஸ்கோப்பை வைக்கும் இடம். புதியவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான். குதிரையின் இடப்பக்கம் நின்று, வயிற்று வார் படியும் இடத்தில், அதன் முன்னங்கால் முழங்கைக்குச் சற்றுப் பின்னால் அதை அழுத்தி வையுங்கள். ஒன்றும் கேட்காவிட்டால், முழங்கைக்கு உட்புறமாகச் சற்று முன்னே தள்ளிப் பாருங்கள். 'லப்-டப்' என்று கேட்கும் இரண்டு ஒலிகளும் சேர்ந்ததே ஒரு துடிப்பு. தனித்தனியாக எண்ணினால் 48 துடிப்பு 96 ஆகிவிடும், நல்ல நிலையில் இருக்கும் குதிரையைப் பார்த்து வீணாகப் பதறுவீர்கள். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். காற்று பலமாக வீசினால் குதிரையை ஒரு மறைவுக்குக் கொண்டுபோய் எண்ணுங்கள். வாரில் பொருத்தும் மின்னணுக் கருவிகளைவிட எனக்குச் சாதாரண ஸ்டெதாஸ்கோப்பே மேல்; அந்தக் கருவிகள் தோலோடு சரியாகப் பதியாவிட்டால் பொருந்தாத எண்களைக் காட்டும்.

சவாரியின் நடுவே ஓய்வுக்கு நின்றவுடன் வாரைத் தளர்த்தி, தண்ணீர் காட்டுங்கள். சூடாக இருக்கும் குதிரைக்குத் தண்ணீர் தரக்கூடாது என்பது பழைய தவறான நம்பிக்கை. சர்வதேசப் போட்டிகளில் பொதுவான வரம்பு 64 துடிப்பு. அரை மணி நேர ஓய்வுக்குப் பிறகும் அதற்குக் கீழே இறங்காத குதிரையின் மீது அன்று மீண்டும் ஏறாதீர்கள்.

64-க்குக் கீழே வந்துவிட்டாலும் இன்னொரு சோதனை உண்டு. துடிப்பை எண்ணியதும் குதிரையை டிராட்டில் (நடையைவிட வேகமான சீரான துள்ளோட்டத்தில்) 125 அடி ஓட்டிச் சென்று, திரும்பி வாருங்கள். கிளம்பியதிலிருந்து ஒரு நிமிடம் ஆனதும் மறுபடி எண்ணுங்கள். முதல் எண்ணைவிட நான்குக்கு மேல் கூடியிருந்தால், களைப்போ வலியோ உள்ளே இருக்கிறது என்று கொள்ளுங்கள். ஈறு உலர்ந்திருப்பது, விரலால் அழுத்தி எடுத்த இடத்தில் நிறம் திரும்ப இரண்டு விநாடிக்கு மேல் ஆவது, விலாவுக்குப் பின்னால் குடல் ஒலியே கேட்காதது ஆகியவற்றில் ஏதேனும் தெரிந்தால், சேணத்தைக் கழற்றிவிட்டு மருத்துவரை அழையுங்கள்.

பிற்சேர்க்கை: மாலைக் குளிரில் குதிரையின் மேல் தண்ணீர் ஊற்றலாமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். கழுத்து, மார்பு, கால்கள் ஆகியவற்றில் ஊற்றி உடனே வழித்துவிடுங்கள். பின்புறப் பெருந்தசைகளில் ஊற்ற வேண்டாம். குளிர்காற்றில் அவை இறுகிப் பிடித்துக்கொள்ளக்கூடும். அங்கே ஒரு கம்பளியைப் போர்த்துங்கள்.