காபி பூக்கும் நேரத்தில் ஏற்காடு: ஒருநாள் பயணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலத்தில் வாழ்கிறவர்களுக்கு ஏற்காடு வீட்டு மொட்டைமாடி மாதிரி. கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவுகள், ஏறி முடித்தால் ஏறக்குறைய 5,000 அடி உயரம். காலையில் போய் இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். எங்கள் வீட்டில் வருடத்துக்கு மூன்று நான்கு முறையாவது போகிறோம். அதனால், முதல்முறை வருகிற உறவினர்கள் ஏன் களைத்துப்போய்த் திரும்புகிறார்கள் என்பது எனக்கு நன்றாகப் புரிகிறது.

முதல் தவறு மே மாதம் வரை காத்திருப்பது. பள்ளி விடுமுறை, கோடை விழா, மலர்க் கண்காட்சி எல்லாம் அப்போதுதான் என்பது உண்மை. ஆனால் கூட்டமும் அப்போதுதான். அந்த நாட்களில் ஏரியைச் சுற்றி வண்டி நகரவே நகராது, சில சமயம் போக்குவரத்தை ஒருவழியாக்கி, இறங்குகிறவர்களைக் குப்பனூர் பாதையில் திருப்பிவிடுவார்கள். மாசியும் பங்குனியும்தான் இந்த மலைக்குச் சரியான நேரம் என்று நான் உறுதியாகச் சொல்வேன். கீழே வெயில் ஏறத் தொடங்கியிருக்கும். மேலே ஏழெட்டு டிகிரி குறைவாக இருக்கும். அதோடு, அப்போதுதான் காபி பூக்கும்.

இந்தப் பூவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் இந்த மலைக்குக் காபியைக் கொண்டுவந்தார். இரு நூற்றாண்டுகளாகச் சேர்வராயன் மலையின் முகமே காபித் தோட்டம்தான். பனிக்காலம் முடிந்ததும் காபிச் செடியின் மொட்டுகள் வளர்ச்சியை நிறுத்திவிட்டுக் காத்திருக்கும். வறட்சிக்குப் பிறகு ஒரு நல்ல மழை விழ வேண்டும். மழை விழுந்து எட்டு, பத்து நாட்களில் தோட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் வெள்ளையாகப் பூத்துவிடும். மல்லிகையை ஒத்த வாசம், கண்ணாடியை இறக்கினால் காருக்குள்ளேயே வரும். ஆனால் இரண்டு மூன்று நாள்தான், அப்புறம் பூ பழுப்பாகி உதிர்ந்துவிடும். அதனால் லீவு கிடைக்கிற நாளைப் பார்த்து இந்தப் பயணத்தை முடிவு செய்வது பெரிய தவறு. மலையில் எப்போது மழை பெய்தது என்று மேலே தெரிந்தவர்களிடம் கேட்டுக்கொண்டு நாளை எண்ணிப் பாருங்கள். ஒரு வாரம் முன்னேயோ பின்னேயோ போனால் பச்சை மட்டும்தான் தெரியும்.

பூவைப் பார்த்ததும் தோட்டத்துக்குள் இறங்கிக் கிளையை ஒடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். அது யாரோ ஒருவருடைய நிலம். ஒரு பூ ஒரு பழமாகிறது, ஒரு பழத்துக்குள் பொதுவாக இரண்டு கொட்டைகள். ஒரு கிளையை ஒடித்தால் ஒரு குடும்பத்தின் வருமானத்திலிருந்து ஒரு பிடி போகிறது. நாகலூர் பக்கம் போகும் லூப் ரோட்டில் அகலமான இடம் பார்த்து வண்டியை ஓரங்கட்டி நின்றாலே போதும், பூ சாலை வரை வந்து நிற்கும்.

அடுத்தது, கிளியூர் அருவியை நம்பிப் பயணத்தைத் திட்டமிடுவது. 300 அடி உயர அருவி என்று படித்துவிட்டுக் குழந்தைகளுக்கு மாற்றுத்துணி எடுத்துக்கொண்டு வருவார்கள். ஏற்காடு ஏரி நிரம்பி வழிகிற உபரி நீர்தான் அந்த அருவிக்கு வருகிறது. பங்குனியில் ஏரி எங்கே வழியப்போகிறது? செங்குத்தான படிகளில் முட்டி வலிக்க இறங்கி, காய்ந்த பாறையைப் பார்த்துவிட்டு ஏற வேண்டியதுதான். அருவிக்கு மழைக்காலத்தில் தனியாக வாருங்கள்.

ஒரே நாளில் எல்லா இடத்தையும் பார்க்க நினைப்பதும் அப்படித்தான். லேடீஸ் சீட், ஜென்ட்ஸ் சீட், சில்ட்ரன்ஸ் சீட், பகோடா பாயின்ட் ஆகிய காட்சிமுனைகள், கரடிக் குகை என்று பட்டியல் போட்டால் நாள் முழுவதும் பார்க்கிங் தேடுவதிலேயே போய்விடும். நாங்கள் மூன்று இடத்துக்கு மேல் வைத்துக்கொள்வதில்லை. முதலில் சேர்வராயன் கோயில். 5,326 அடி உயரத்தில், தலை குனிந்து போக வேண்டிய சிறு குகைக்குள் சேர்வராயனும் காவேரியம்மனும் இருக்கிறார்கள். வெளியே வந்தால் அகலமான செம்மண் மேடு, நான்கு பக்கமும் காற்று, பிள்ளைகள் தாராளமாக ஓடலாம். அப்புறம் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் தோட்டம். பூச்சியைப் பிடித்துத் தின்னும் குடுவைச் செடியை என் மகள் முதன்முதலில் பார்த்தது அங்கேதான். மாலையில் லேடீஸ் சீட்.

மலைப்பாதை விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். இறங்கும்போது பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவதும், வழி முழுக்க பிரேக்கை மிதித்தபடியே வருவதும் உயிருக்கு ஆபத்து. பிரேக் சூடேறினால் பிடிக்காது. ஏறும்போது எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள், வண்டியை எஞ்சினே இழுத்துப் பிடிக்கும். கருகல் வாசம் வந்தால் வளைவைத் தாண்டி, பாதுகாப்பான இடத்தில் அரைமணி நேரம் நிறுத்தி ஆறவிடுங்கள். குறுகிய இடத்தில் ஏறிவருகிற வண்டிக்குத்தான் முதல் வழி. கொண்டை ஊசி வளைவில் நின்று போட்டோ எடுக்கவே கூடாது, மேலிருந்து வரும் பஸ்ஸுக்கு அந்த அகலம் முழுவதும் தேவை.

குழந்தைகளுக்கு வயிறு முட்ட டிபன் கொடுத்து ஏற்றினால் பத்தாவது வளைவுக்குள் வாந்தி நிச்சயம். இரண்டு இட்லி போதும். கையில் போன் வேண்டாம், தூரத்தில் தெரிகிற மலையைப் பார்த்துக்கொண்டு வரட்டும்.

குரங்குகளுக்குப் பொரி, வாழைப்பழம் வீசுவதை நிறுத்த வேண்டும். அந்தப் பழக்கத்தால்தான் அவை குட்டியோடு சாலை நடுவில் உட்கார்ந்து வண்டியில் அடிபடுகின்றன. பங்குனியில் காடு சருகாகக் காய்ந்து கிடக்கும், ஒரு பீடித் துண்டு போதும் தீப்பிடிக்க. வழியில் அடுப்பு மூட்டிச் சமைப்பதை நினைக்கவே வேண்டாம். புளிசாதமும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு, எவர்சில்வர் தட்டையும் எடுத்துப்போங்கள். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறிகிற பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 முதல் தடை உண்டு. காட்டெருமை தென்பட்டால் காரை விட்டு இறங்காதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை என்றால் மாலை நாலு மணிக்குள் இறங்கத் தொடங்கிவிடுங்கள். அதற்குப் பிறகு எல்லோரும் சேர்ந்து இறங்குவார்கள். வார நாள் என்றால் லேடீஸ் சீட்டில் இருட்டும்வரை இருக்கலாம். கீழே சேலத்தின் விளக்குகள் ஒவ்வொன்றாக ஏற்றப்படுவதைப் பார்க்கலாம். ஒரு ஸ்வெட்டர் மறக்காமல் இருக்கட்டும், மதிய வெயிலை நம்பி வந்த பாட்டிமார்கள் அந்த நேரத்தில்தான் நடுங்குவார்கள்.

திரும்பும்போது காபித்தூள் வாங்குகிறவர்கள் ஒரு கிலோ, இரண்டு கிலோ என்று வாங்கிவிடுகிறார்கள். அரைத்த தூளில் மணம் சீக்கிரம் போய்விடும். சிக்கரி கலக்காததாகக் கேட்டு, கால் கிலோ வாங்குங்கள். அந்த நேரத்தில் கிடைப்பது பெரும்பாலும் மார்கழி, தையில் பறித்த காபி. சாலையோரம் வெள்ளையாகப் பூத்து நிற்பது அடுத்த தைக்கு.