‘தீவிரவாத அமைப்பு’ என்ற சொல்லோடு நின்றுவிடாதீர்கள்

இணையக் கலைக்களஞ்சியத்தில் ஓர் அமைப்பைப் பற்றிப் படிக்கும் பலர் முதல் வரியிலேயே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். ‘பயங்கரவாத’ என்ற சொல் இருந்தால் பக்கச்சார்பு, இல்லாவிட்டால் வெள்ளையடிப்பு. ஆங்கில விக்கிப்பீடியாவின் நடைக் கையேடோ இத்தகைய சொற்களைக் கட்டுரையின் சொந்தக் குரலில் எழுத வேண்டாம் என்கிறது. நம்பகமான மூலங்கள் பரவலாக அப்படி அழைத்தால், அழைப்பவர் யார் என்பதையும் சேர்த்து எழுதச் சொல்கிறது. ஆகவே சொல்லைத் தேடாமல் செயலைத் தேடுங்கள்: யார், எப்போது, யாரை, எத்தனை பேரை? ‘மோதலில் பலர் உயிரிழந்தனர்’ என்ற வரியில் கொன்றவர் காணாமல் போகிறார். எந்த வசைச்சொல்லையும்விட ஆபத்தான சார்பு அது.

தடைப் பட்டியலை வரையறையாக எடுத்துக்கொள்வது அடுத்த தவறு. விடுதலைப் புலிகளை இந்தியா 1992இலும் அமெரிக்கா 1997இலும் பிரிட்டன் 2001இலும் ஐரோப்பிய ஒன்றியம் 2006இலும் தடைசெய்தன. இலங்கை 1998இல் விதித்த தடையைப் பேச்சுவார்த்தைக்காக 2002இல் நீக்கி, 2009 ஜனவரியில் மீண்டும் விதித்தது. நாடும் ஆண்டும் சொல்லாமல் ‘தடைசெய்யப்பட்ட இயக்கம்’ என்று 2003ஆம் ஆண்டு நிகழ்வுக்கு எழுதினால், இலங்கையைப் பொறுத்தவரை அது பிழை.

நீதிமன்றத் தீர்ப்பை அரைகுறையாகப் படிப்பதும் நடக்கிறது. 2014 அக்டோபரில் ஐரோப்பிய ஒன்றியப் பொது நீதிமன்றம் புலிகளைப் பட்டியலில் வைத்திருந்த முடிவுகளை ரத்துசெய்தது. 2017இல் மேல்முறையீட்டிலும் அது நிலைத்தது. ‘பயங்கரவாத அமைப்பு அல்ல என்று தீர்ப்பு’ எனப் பலர் எழுதினார்கள். நீதிமன்றம் அப்படிச் சொல்லவே இல்லை. தகுதியுள்ள அதிகாரிகள் ஆராய்ந்து உறுதிசெய்த செயல்களை விட்டுவிட்டு, பத்திரிகைகளிலும் இணையத்திலும் எடுத்த தகவல்களை ஆதாரமாக வைத்ததுதான் குறை என்றது. அமைப்பின் தன்மையைப் பற்றிய முடிவு இது அல்ல என்றும் தெளிவாகவே எழுதியது.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, இரு தரப்புக்கும் சம இடம் கொடுத்தால் நடுநிலை என்று நினைப்பது. நடுநிலை என்பது ஆதாரத்தின் எடைக்கேற்ற இடம். அந்த எடையை மாற்றினால் என்ன ஆகும் என்பதைக் குரோவாசிய விக்கிப்பீடியா காட்டியது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் குரோவாசியாவை ஆண்ட பாசிச உஸ்தாசா ஆட்சியின் யாசெனோவாக் வதைமுகாமில் கொல்லப்பட்டவர்களில் 83,000-க்கும் மேற்பட்டோரின் பெயர்களை அங்குள்ள நினைவிடம் திரட்டியிருக்கிறது. அந்த முகாமைத்தான் ‘சேகரிப்பு, உழைப்பு முகாம்’ என்று எழுதிவைத்திருந்தார்கள். நிர்வாகிகள் குழு ஒன்று 2011 முதல் 2020 வரை அந்தத் தளத்தைப் பிடியில் வைத்திருந்ததை, விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை 2021இல் வெளியிட்ட ஆய்வு பதிவுசெய்தது. ஒரு மொழிப் பதிப்பை மட்டும் நம்பாதீர்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

மேற்கோள் எடுக்குமுன் பத்து நிமிடம் செலவிடுங்கள். சர்ச்சைக்குரிய வாக்கியத்தின் அடிக்குறிப்பைத் திறந்து, மூலத்தில் அதே கருத்து இருக்கிறதா என்று பாருங்கள். பல இடங்களில் மூலம் ‘குற்றஞ்சாட்டப்பட்டது’ என்றிருக்கும், கட்டுரை ‘செய்தது’ என்றிருக்கும். அமைப்பின் சொந்த வெளியீடு அதன் கொள்கைக்குச் சான்றாகலாம், கொலை எண்ணிக்கைக்கு ஆகாது. எதிரி அரசின் செய்திக்குறிப்புக்கும் இதே விதி. பிறகு தொகுப்பவர்கள் விவாதிக்கும் உரையாடல் பக்கத்தையும், செய்த மாற்றங்கள் பதிவாகும் வரலாற்றுப் பக்கத்தையும் பாருங்கள்: ஒரே வாக்கியம் மாறிமாறி நீக்கப்பட்டுச் சேர்க்கப்பட்டால், அங்கே சண்டை முடியவில்லை. நீங்கள் படித்த தேதிக்குரிய பழைய பதிப்பின் இணைப்பையே கொடுங்கள். நாளை அந்தப் பக்கம் வேறாக இருக்கலாம்.