பைன் மரம் இறக்குமதி: சரியான எச்.எஸ் கோடு கண்டுபிடிப்பது எப்படி?

வெளிநாட்டிலிருந்து பைன், ஸ்ப்ரூஸ் மாதிரி மரங்களை முதல்முறையாக இறக்குமதி செய்பவர்கள் பலர், சப்ளையர் இன்வாய்ஸில் போட்டிருக்கும் எச்.எஸ் கோடை (சரக்கு எந்த வகை என்று காட்ட உலக நாடுகள் பொதுவாகப் பயன்படுத்தும் எண்ணை) அப்படியே பில் ஆஃப் என்ட்ரியில், அதாவது சுங்கத்துறைக்குக் கொடுக்கும் இறக்குமதி அறிவிப்பில், ஏற்றிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். இந்தியாவில் 2011 முதல் சுங்கத் தீர்வையை இறக்குமதியாளரே மதிப்பிட்டு அறிவிக்க வேண்டும், கோடு தப்பாகிப் போனால் பாக்கித் தீர்வையும் வட்டியும் உங்களிடம்தான் கேட்பார்கள், சப்ளையரிடம் இல்லை.

முதலில் மரம் எந்த வகை என்று பாருங்கள். தொட்டால் மென்மையாக இருக்கிறதா என்பது கணக்கே இல்லை. பைன், ஃபர், ஸ்ப்ரூஸ் போன்ற ஊசியிலை மரங்களா என்பதுதான் கேள்வி. பால்சா எவ்வளவு லேசாக இருந்தாலும் இந்தப் பக்கம் வராது. அதனால் சப்ளையரிடம் தாவரப் பெயரை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

அடுத்ததுதான் முக்கியமான படி, இங்கே அவசரப்படாதீர்கள். மரமும் மரப்பொருட்களும் சுங்கக் கட்டண அட்டவணையின் 44-ஆம் அத்தியாயத்தில் இருக்கின்றன. அதற்குள் எந்தத் தலைப்பு (நாலு இலக்கக் கோடு) என்பதை, அந்த மரத்தில் எவ்வளவு வேலை நடந்திருக்கிறது என்பதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

பட்டை உரித்தோ உரிக்காமலோ வரும் உருட்டுத் தடி, ஓரளவு சதுரமாக்கிய தடி எல்லாம் 4403. பைன் தடி என்றால் குறுக்குவெட்டின் மிகச் சிறிய அளவு 15 செ.மீ. அல்லது அதற்கு மேல் இருக்கிறதா என்றும் அளக்க வேண்டும், துணைக்கோடு அதில் மாறும். நீளவாக்கில் அறுத்து, தடிமன் 6 மி.மீ.க்கு மேல் இருந்தால் 4407. நாலு பக்கமும் இழைத்திருந்தாலும், ஃபிங்கர் ஜாயின்ட் போட்டு (துண்டுகளின் முனைகளை விரல்கள் கோர்ப்பதுபோல் இணைத்து) நீளமாக்கியிருந்தாலும் அது 4407-ஐ விட்டுப் போகாது. இழைத்துவிட்டதாலேயே வேறு தலைப்பு என்று நினைத்துக் குழம்புபவர்கள் அதிகம். 6 மி.மீ. அல்லது அதற்குக் கீழ் என்றால் வெனீர், 4408.

ஓரத்திலோ முகத்திலோ நீளம் முழுக்கக் காடியும் நாக்கும் எடுத்திருந்தால், அல்லது மோல்டிங் வடிவம் கொடுத்திருந்தால் 4409. சுவருக்கு அடிக்கும் பைன் பேனலிங் பலகை பெரும்பாலும் இங்கேதான் வரும். கதவு, ஜன்னல், கான்கிரீட் ஷட்டரிங் பலகை போன்றவை 4418. ப்ளைவுட்டுக்கு 4412, எம்.டி.எஃப்.க்கு 4411, முழு மரவீடாகவே வந்தால் 44-ஐத் தாண்டி 9406.

4407-க்கும் 4418-க்கும் நடுவில் எவ்வளவு பணம் புரளும் என்பதற்கு ஒரு பழைய விவகாரம் இருக்கிறது. 1996-இல் அமெரிக்காவும் கனடாவும் செய்த ஒப்பந்தப்படி, அமெரிக்காவுக்குப் போகும் கனடாவின் அறுத்த மரம் (4407) ஓர் அளவைத் தாண்டினால் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. உடனே சிலர் அந்தக் கட்டணத்திலிருந்து தப்ப, சுவர்ச் சட்டத்துக்கான கட்டைகளில் வயர் போகத் துளை போட்டு அனுப்பினார்கள். 1997-இல் அமெரிக்கச் சுங்கத்துறை அதை 4418 என்று ஏற்றுக்கொண்டது, ஆனால் அடுத்த வருஷமே மனசை மாற்றி 4407-க்குத் தள்ளிவிட்டது. சில துளைகளை நம்பிக் கோடை மாற்றப் பார்க்கிற எவரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

தலைப்பு முடிவானதும் ஆறு இலக்கத்துக்கு இறங்குங்கள். 4407-இல் பைனுக்கு 4407.11, ஃபர், ஸ்ப்ரூஸ் என்றால் 4407.12. கனடாவிலிருந்து ஸ்ப்ரூஸ், பைன், ஃபர் மூன்றும் கலந்து எஸ்.பி.எஃப் என்று வருமே, அதற்கு எச்.எஸ் அட்டவணையின் 2022 பதிப்பில் 4407.13 என்று தனி இடம் கொடுத்துவிட்டார்கள். பசையிட்டு ஒட்டிய குளூலாம் உத்தரத்துக்கும் அதே பதிப்பில்தான் 4418.81 வந்தது. ஆகவே பழைய பில்லைப் பார்த்துக் காப்பியடிப்பது ஆபத்து. கடைசி இரண்டு இலக்கம் இந்தியாவுக்கே உரியது, அதையும் தீர்வை விகிதத்தையும் அன்றைய அட்டவணையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், தாவரப் பெயர், அளவு, ஈரப்பதம், இழைப்பு, ஜாயின்ட் விவரம், குறுக்குவெட்டுப் படம் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் வைத்துக் கஸ்டம்ஸ் புரோக்கரிடம் கொடுங்கள். அப்படியும் இரண்டு தலைப்புக்கு நடுவில் இழுபறியாக இருந்தால், சரக்கு கப்பலேறும் முன்பே டெல்லியிலோ மும்பையிலோ உள்ள சுங்க முன்தீர்ப்பு ஆணையத்தில் (எந்தக் கோடு என்று முன்கூட்டியே தீர்ப்புச் சொல்லும் அமைப்பு) விண்ணப்பிக்கலாம். அங்கே கிடைக்கும் தீர்ப்பு உங்களையும் கட்டுப்படுத்தும், சுங்க அதிகாரிகளையும் கட்டுப்படுத்தும்.