பழைய கேம்பர் வேன்: பட்டி பூசுவதற்கு முன்னால்

பதினைந்து வருடம் ஓடிய டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கி, கட்டிலும் அடுப்பும் போட்டு கேம்பர் வேனாக்கி நான்கு மழைக்காலம் ஆகிறது. உள்ளே மரவேலையில் தப்பு செய்தால் அன்றைக்கே பல்லிளிக்கும். வெளித்தகட்டில் செய்த தப்பு அடுத்த ஐப்பசியில்தான் தெரியவரும், இரட்டிப்புச் செலவோடு.

பெரிய தவறு, பெயிண்ட் கொப்புளித்த இடத்தில்தான் கோளாறு என்று நம்புவது. இரும்பு துருவாகும்போது பழைய அளவைப் போலப் பல மடங்கு உப்பும். அந்த உப்பல்தான் பெயிண்டைத் தூக்குகிறது. கொப்புளம் கண்ணில் படும்போதே பெரும்பாலும் தகடு பின்பக்கம் அரித்திருக்கும். என் வேனில் பின்சக்கர வளைவுக்கு மேலே ஒரு ரூபாய்க் காசு அளவில் ஒன்று இருந்தது. டிங்கரிங் மேஸ்திரி ஸ்குரூடிரைவர் நுனியை வைத்து லேசாக அழுத்தினார். நமத்துப்போன அப்பளம் மாதிரி பொத்துக்கொண்டு பாதிவரை உள்ளே போனது. சுரண்டிச் சுரண்டி நல்ல தகடு வந்தபோது ஓட்டை உள்ளங்கை அளவு.

ஆனால் தண்ணீர் நுழைந்த வழி அதுவல்ல. கூரையில் கேரியர் போல்ட் அடியில் இறங்கி, பிளைவுட்டுக்குப் பின்னால் ஓடி, கீழே தேங்கியிருக்கிறது. அதனால் தகட்டை வெட்டுவதற்கு முன் ஒழுகலைக் கண்டுபிடியுங்கள். ஒருவர் உள்ளே டார்ச்சோடு உட்கார, இன்னொருவர் வெளியே ஓஸ் பிடிக்க வேண்டும். கீழிருந்து தொடங்கி மெல்ல மேலே போங்கள். எடுத்த எடுப்பில் கூரையில் பாய்ச்சினால் எல்லா இடமும் நனைந்து, எங்கிருந்து வந்தது என்றே தெரியாது.

ஒழுகலைக் கண்டதும் கை தானாக சிலிக்கான் ட்யூபைத் தேடும். நானும் தேடினேன். ஹார்டுவேர் கடையில் மலிவாகக் கிடைப்பதில் காடி வாடை அடிக்கும், கவனித்திருப்பீர்கள். அது அசிட்டிக் அமிலம். காயும்போது வெளியேறி இரும்பை அரிக்கும். நான் அழகாகக் கோடு இழுத்த இடமெல்லாம் அடுத்த மழைக்குள் அதே கோட்டில் துரு ஓடியது. போதாக்குறைக்கு சிலிக்கான் பட்ட இடத்தில் பெயிண்ட் பிடிக்காது. தகட்டு இணைப்புகளுக்குப் பாலியூரித்தேன் சீலன்ட், கூரை விசிறி மாதிரி பிறகு கழற்ற வேண்டியவற்றுக்கு பியூட்டைல் டேப் எனும் ஒட்டும் ரப்பர் நாடா. பழையதை முழுக்கச் சுரண்டாமல் மேலே பூசுவதும் வீண்தான்.

அடுத்தது பட்டி, அதாவது தகட்டில் பூசும் புட்டி. பட்டி பள்ளத்தை நிரப்ப, ஓட்டையை அடைக்க அல்ல. அது ஈரத்தை உறிஞ்சும். துருவின் மேல் பூசினால் ஈரத்துணி சுற்றி வைத்த கதைதான். நல்ல தகடு தெரியும்வரை தேய்த்து, எபாக்ஸி பிரைமர் எனும் அடிப்பூச்சு அடித்து, அதற்கு மேல் மெல்லிசாக, 3 மில்லிமீட்டருக்குள் போடச் சொல்லுங்கள். ஓட்டை இருந்தால் வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்துப் பற்றவைப்பதைத் தவிர வேறு வழியில்லை. வேலை முடிந்த வண்டியைத் திரும்ப எடுக்கப் போகும்போது மெல்லிய துணி சுற்றிய ஃப்ரிட்ஜ் காந்தம் ஒன்றை எடுத்துப் போங்கள். தகட்டில் ஒட்டும், பட்டி தடித்த இடத்தில் வழுக்கி விழும். வார்த்தையே பேச வேண்டாம், மேஸ்திரி முகத்திலேயே தெரிந்துவிடும்.

துருமாற்றி திரவங்கள் மேலோட்டமான துருவுக்கு மட்டும்தான். செதில் செதிலாக உரியும் துருவில் தடவினால் மேல்பக்கம் கறுத்துவிடும், எல்லாம் குணமான மாதிரி இருக்கும், அடியில் அரிப்பு தொடரும்.

வெல்டிங்கில் கேம்பர் வேனுக்கென்றே ஓர் ஆபத்து உண்டு. தகட்டுக்குப் பின்னால் நாம் ஒட்டிய ஃபோமும் ஒயரும் இருக்கும். மேஸ்திரிக்கு அது தெரியாது, நாம்தான் சொல்ல வேண்டும். அந்தப் பக்கத்துப் பலகையைக் கழற்றி, பேட்டரி இணைப்பை எடுத்து, கேஸ் சிலிண்டரை இறக்கிவிட்டுப் பற்றவையுங்கள். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் இருக்கட்டும்.

பெயிண்ட் விஷயத்தில் அவசரமும் ஆகாது, இழுத்தடிப்பதும் ஆகாது. காற்றில் ஈரம் அதிகமான நாளில் என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட் அடித்தால் வெளுத்துப் பூத்துப்போகும். சாதாரண பிரைமரோடு இரண்டு வாரம் தெருவில் நிறுத்தினால் அதுவும் ஈரம் குடிக்கும். பியூ (பாலியூரித்தேன்) பெயிண்டை இறுக வைக்கக் கலக்கும் ஹார்ட்னரில் ஐசோசயனேட் என்ற நச்சு ரசாயனம் இருக்கிறது. கைக்குட்டை கட்டிக்கொண்டு அடிப்பது நுரையீரலுக்குக் கேடு, முறையான சுவாசக் கவசம் வேண்டும். அப்புறம், வெள்ளை வேனைப் பச்சையாக்க ஆசை வந்தால் ஆர்டிஓ அலுவலகத்தில் சொல்லி ஆர்சியிலும் நிறத்தை மாற்ற வேண்டும்.

அக்ரிலிக் ஜன்னல், கூரை மூடி இருந்தால் தின்னர் துணி அந்தப் பக்கமே போகக் கூடாது. மயிரிழை விரிசலாகப் பரவும். சோப்புத் தண்ணீர் போதும்.

கடைசியாக நான் ஏமாந்த ஒன்று. பெயிண்ட் வேலை முடிந்து வந்த வேன் புதுசு மாதிரி மின்னியது. பக்கக் கதவின் அடி விளிம்பு ஒரு பொட்டு இல்லாமல் வழவழவென்று இருந்தது. இரண்டு மழை கழித்துக் கதவைத் திறக்கும்போது உள்ளே சலசலவென்று சத்தம். தண்ணீர் வடிய அங்கே இருந்த ஓட்டைகளை எல்லாம் சுத்தமாகப் பூசி அடைத்திருந்தார்கள். ஒரு கம்பியை எடுத்துக் குத்தினேன். பழுப்பு நிறத்தில் ஒரு செம்புத் தண்ணீர் என் செருப்பில் கொட்டியது.