லினக்ஸ் ஓடும் பெட்டியை விற்கப் போகிறீர்களா?

பெங்களூரு பீன்யாவில் சிறு பட்டறை வைத்திருக்கும் நம்மவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது: "லினக்ஸ் இலவசம்தானே மேடம், அதைப் போட்டுக் காசுக்கு விற்கலாமா?" தாராளமாக விற்கலாம். லினக்ஸுக்கு உள்ள ஜிபிஎல் என்ற உரிமம் விலை வைப்பதைத் தடுக்கவில்லை. பெட்டிக்குள் ஓடும் அதே பைனரிக்கான (இயந்திரம் ஓட்டும் கோப்பு) சோர்ஸைக் (மனிதர் எழுதிய மூல நிரல்) கொடுக்கச் சொல்கிறது, அவ்வளவுதான்.

"அதே" என்ற சொல்லில்தான் நான் மாட்டினேன். ஒரு நிறுவனத்துக்கு வீட்டுக் கேமராவின் ஃபர்ம்வேர், அதாவது அதற்குள் ஓடும் மென்பொருள், செய்துகொடுத்தேன். ஒன்றரை வருடம் கழித்து, கேமரா வாங்கியவர் ஒருவர் லினக்ஸின் மையப் பகுதியான கர்னலின் சோர்ஸ் கேட்டு எழுதினார். கேமராவின் சர்க்யூட் போர்டை விற்றவர்கள் பென்டிரைவில் தந்த எஸ்டிகே (மென்பொருள் செய்வதற்கான தொகுப்பு) கையில் இருந்தது. அதன்மேல் நாங்கள் செய்த திருத்தங்கள், வேலையை விட்டுப் போன ஒரு பையனின் லேப்டாப்போடு அழிந்திருந்தன. 11 நாள் உட்கார்ந்து மறுபடி எழுதினோம். அவர் கேட்டது நியாயம் என்பதால் இன்னும் மனசு உறுத்துகிறது. 2003-இல் லிங்க்சிஸ் தன் ரவுட்டரின் சோர்ஸை வெளியிட்டதால்தான் ரவுட்டர்களுக்கான லினக்ஸான ஓப்பன்டபிள்யூஆர்டி பிறந்தது; அதைத் தோண்டித்தான் நான் இந்தத் தொழிலே கற்றேன்.

சரி, முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். எஸ்பி ரோட்டில் யூஎஸ்பி சீரியல் கேபிள் வாங்குங்கள். பெரும்பாலான போர்டுகளுக்கு 3.3 வோல்ட் வேண்டும், 5 வோல்ட் கொடுத்தால் கருகிவிடலாம். கிரவுண்ட், டிஎக்ஸ் (அனுப்பும் கம்பி), ஆர்எக்ஸ் (வாங்கும் கம்பி) மூன்றையும் மாட்டி, கணினியில் சீரியல் திரையை 115200 வேகத்தில் வைத்து, போர்டுக்குக் கரண்ட் கொடுங்கள். பெரும்பாலும் திரையில் முதலில் கர்னலை ஏற்றிவிடும் யூ-பூட், அப்புறம் கர்னல் பதிப்பு, எல்லாம் அடங்கியபின் என்டர் தட்டினால் அடிப்படைக் கட்டளைகளின் தொகுப்பான பிஸிபாக்ஸ் வரும். மூன்றும் ஜிபிஎல். கர்னல் மேல் தனி நிரலாக ஓடும் உங்கள் சொந்த ஆப்பைத் திறந்துகாட்ட வேண்டியதில்லை.

இப்படிப்பட்ட பெட்டிகளுக்கு லினக்ஸ் தயாரிக்கும் கருவியான பில்ட்ரூட்டில் செய்கிறீர்கள் என்றால் 'மேக் லீகல்-இன்ஃபோ' (make legal-info) கட்டளையை ஓட்டுங்கள். உரிம உரைகள், சோர்ஸ் பொதிகள், பட்டியல் எல்லாம் ஒரே ஃபோல்டரில் வந்து விழும். பில்ட்ரூட்டின் சொந்த சோர்ஸ் அதில் வராது, அதை நீங்கள்தான் சேர்க்க வேண்டும். கர்னல் கான்ஃபிக் (அமைப்புக் கோப்பு), பில்ட் ஸ்கிரிப்ட், உங்கள் பேட்ச்கள் (திருத்தங்கள்) எல்லாவற்றையும் ஃபர்ம்வேர் பதிப்பு எண்ணோடு சேர்த்து, சரக்கு கிளம்பும் அன்றே பூட்டி வையுங்கள்.

எம்ஐடி, பிஎஸ்டி, அப்பாச்சி போன்ற மற்ற உரிமங்களுக்கு, பதிப்புரிமை (காப்பிரைட்) வரிகளையும் உரிம உரையையும் கையேட்டிலோ செட்டிங்ஸ் பக்கத்திலோ போட்டால் பெரும்பாலும் போதும். ஜிபிஎல்லின் 3-ஆம் பதிப்பில் மட்டும் நிதானம் வேண்டும். 2007-இல் வந்த அது, வீட்டு உபயோகப் பொருளில் மாற்றிய நிரலை ஏற்றி ஓட்டத் தேவையான விவரங்களையும் சாவிகளையும் கேட்கிறது. செக்யூர் பூட் போட்டு, உங்கள் கையொப்பமிட்ட நிரல் மட்டுமே ஓடும்படி பூட்டுவதாக இருந்தால், அந்த உரிமத்தில் வரும் நிரல்களைச் சேர்க்காமல் விலக்கிவிடுங்கள்.

பெட்டிக்குள் சோர்ஸ் சிடி வைக்காவிட்டால், ஜிபிஎல்லின் 2-ஆம் பதிப்புக்கு ஒரு துண்டுச் சீட்டு வேண்டும்: குறைந்தது 3 வருடம், யார் கேட்டாலும், அனுப்பும் செலவுக்கு மேல் வாங்காமல் சோர்ஸ் தருவோம் என்று. கீழே முகவரி. ஆள் மாறினாலும் மாறாத ஈமெயிலாக இருக்கட்டும்.

சீட்டை அச்சுக்குக் கொடுக்கும் முன், பூட்டி வைத்த அந்த சோர்ஸ் பொதியை இந்த வேலையில் கைவைக்காத ஒருவரிடம் கொடுத்து, புது கணினியில் பில்ட் செய்யச் சொல்லுங்கள். அவர் செய்த இமேஜ் உங்கள் போர்டில் பூட் ஆன பிறகு பெட்டியை ஒட்டுங்கள்.