கழுத்துத் தேய்மானத்துக்கு ஆபரேஷன் என்கிறார்களா? சம்மதிக்கும் முன் இதைப் பாருங்கள்

எம்ஆர்ஐ ரிப்போர்ட்டில் ‘சி5-சி6 டிஸ்க் பிதுக்கம், எலும்புத் தேய்மானம்’ (கழுத்தின் ஐந்தாவது, ஆறாவது எலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் டிஸ்க் வெளியே தள்ளியிருக்கிறது) என்று இருந்தால் உடனே ஆபரேஷன் தேதி குறிக்க ஓட வேண்டாம். கழுத்தில் ஒரு வலியும் இல்லாத நடுவயதுக்காரர்களுக்கு ஸ்கேன் எடுத்தாலும் பெரும்பாலும் இப்படித்தான் ஏதாவது வரும். டாக்டரிடம் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: அழுந்துவது கைக்குப் போகும் நரம்பா, இல்லை தண்டுவடமா?

நரம்பு மட்டும் என்றால் கழுத்திலிருந்து ஒரு கைக்குச் சுரீரென்று வலி இறங்கும், விரல்கள் மரத்துப்போகும். உயிர் போகிற மாதிரி வலித்தாலும் மாத்திரை, பிசியோதெரபி என்று 6 முதல் 12 வாரத்தில் பெரும்பாலானவர்களுக்குத் தணிந்துவிடும். அதற்கப்புறமும் அடங்கவில்லை, அல்லது கையின் பலம் குறைந்துகொண்டே போகிறது என்றால் ஆபரேஷனைப் பற்றிப் பேசலாம்.

தண்டுவடம் அழுந்துவது வேறு கதை. இதில் வலியே இல்லாமல் இருக்கலாம், அதனால்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். சட்டைப் பொத்தான் போட விரல் ஒத்துழைக்காது, கையெழுத்து மாறும், நடை தள்ளாடும், சிலருக்குச் சிறுநீர் அடக்க முடியாது. விரல்களை முழுக்க மடக்கி விரித்துப் பாருங்கள், 10 நொடியில் 20 தடவை வரவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள் (இது மட்டுமே நோயை உறுதி செய்யாது). பாதிப்பு நடுத்தரமாகவோ அதிகமாகவோ இருந்தால் இங்கே தள்ளிப்போடுவதுதான் ஆபத்து, ஏனென்றால் ஆபரேஷனின் முதல் வேலை மேலும் மோசமாகாமல் தடுப்பது. ஏற்கெனவே போன பலம் ஓரளவு திரும்பலாம், முழுதாக வரும் என்று யாரும் உறுதி தர முடியாது.

வெறும் கழுத்து வலிக்காக மட்டும் ஆபரேஷன் என்றால், என்னைக் கேட்டால் இன்னொரு டாக்டரையும் பார்த்துவிடுங்கள். அந்த ஆபரேஷனுக்குப் பலன் அவ்வளவு நிச்சயமில்லை.

எந்த வழி? ஒன்றிரண்டு இடத்தில் பிரச்சினை என்றால் பெரும்பாலும் முன்கழுத்து வழியாகப் போய் டிஸ்க்கை எடுத்துவிட்டு, அங்கே எலும்புத் துண்டோ, கூண்டு மாதிரி ஒரு சிறு செயற்கைத் துண்டோ வைத்து, பிளேட், ஸ்க்ரூ போட்டு இரண்டு எலும்பையும் ஒட்ட வைப்பார்கள். 1950களிலிருந்தே இருக்கும் முறை. ஒட்டிய இடத்தில் அசைவு போய்விடும், வருடங்கள் கழித்துப் பக்கத்து டிஸ்க் தேய்ந்து தொல்லை தரலாம். அசைவு இருக்கட்டும் என்று செயற்கை டிஸ்க் வைப்பதும் உண்டு, ஆனால் பின்பக்க மூட்டுகள் ரொம்பத் தேய்ந்தவர்களுக்கு அது ஒத்துவராது. பல இடங்களில் அழுத்தம் என்றால் பின்கழுத்து வழி: தண்டுவடத்தைப் பின்பக்கம் கூரை மாதிரி மூடியிருக்கும் எலும்பை எடுத்துவிட்டு ஸ்க்ரூ போடுவது, அல்லது அதை எடுக்காமல் ஒரு பக்கம் கதவு மாதிரி திறந்து தண்டுவடத்துக்கு இடம் விடுவது. எனக்கு ஏன் இந்த வழி, எத்தனை இடத்தில், இதே ஆபரேஷனை நீங்கள் எத்தனை செய்திருக்கிறீர்கள் என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

புகைப்பவர் என்றால் நிறுத்தியே ஆக வேண்டும், எலும்பு ஒட்டாமல் போவதற்கு அது பெரிய காரணம். ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரைகளை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். சர்க்கரையும் கட்டுக்குள் இருக்கட்டும்.

முன்வழி ஆபரேஷனுக்குப் பின் விழுங்கச் சிரமமும் குரல் கரகரப்பும் சகஜம், பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகும். எலும்பு ஒட்டப் பல மாதங்கள் ஆகும், அதுவரை பளு தூக்குவது, வண்டி ஓட்டுவது எல்லாம் டாக்டர் சொல்கிறபடிதான். காலர் (கழுத்துப் பட்டை) எல்லாருக்கும் தேவைப்படாது. கழுத்து வீங்கி மூச்சு முட்டினாலோ, கை கால் திடீரென்று தளர்ந்தாலோ, காயத்திலிருந்து நீர் கசிந்தாலோ காலை வரை காத்திருக்காதீர்கள், அப்போதே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.